பழைய எண்ணெய் விளக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டி வழியில் வந்த மூன்றடி குத்துவிளக்கு ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஒரு தூண்டாமணி விளக்கும் தொங்குகிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி தொடங்கிவிடும். "பழசா? என்ன விலை போகும்? உச்சியில் ஏன் பறவை?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

குத்துவிளக்குக்கு ஏன் இந்த வடிவம்? வேறு மாதிரி செய்திருக்கக் கூடாதா?

விளக்கை அலங்காரப் பொருளாக முதலில் பார்க்காதீர்கள். எண்ணெயைச் சுடரிடம் கொண்டு சேர்க்கும் ஒரு கருவியாகப் பாருங்கள், பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தட்டிலிருந்து தொடங்கலாம். திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றும், ஆனால் அதிக உயரத்துக்கு ஏற்றாது. எண்ணெய் மட்டம் சில விரற்கடை இறங்கினாலே சுடர் வாட ஆரம்பிக்கும். கிண்ணம் மாதிரி ஆழமாகச் செய்தால் அடியில் எண்ணெய் இருந்தும் விளக்கு அணைந்துபோகும். அதனால்தான் தட்டு ஆழமில்லாமல் அகலமாக இருக்கிறது. நிறைய எண்ணெய் கொள்ளும், மட்டமும் மெதுவாக இறங்கும். மண் அகலும் இதே கணக்குதான். பெயரிலேயே அகலம் இருக்கிறது.

விளிம்பில் மூக்கு மாதிரி நீண்டிருப்பது முகம். திரியின் நுனி அதன் மேல் படுத்து, கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். சுடர் தட்டின் நடுப்பக்கம் பரவாமல் ஓரத்திலேயே நிற்கும். ஆனால் திரி வழியாக எண்ணெய் வெளியேயும் கசியும், முகத்தின் அடிப்பக்கமாக வழிந்து சொட்டும். பல பழைய விளக்குகளில் அடிப்பீடத்தின் விளிம்பு மேல்நோக்கி மடிந்து, ஒரு தாம்பாளம் மாதிரி இருப்பதைப் பார்க்கலாம். சொட்டும் எண்ணெயைப் பிடிக்கத்தான் அது. இன்றைய விளக்குகள் பலவற்றில் அந்த மடிப்பு பேருக்குத்தான் இருக்கிறது. நாமும் கீழே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துவிடுகிறோம்.

தண்டில் அடுக்கடுக்காக வரும் வளையங்களுக்கும் வேலை உண்டு. பெரிய விளக்குகளின் தண்டு ஒரே வார்ப்பு அல்ல. துண்டு துண்டாக வார்த்து, மரை வைத்துத் திருகிச் சேர்ப்பார்கள். அந்த இணைப்பு வளையத்தின் நிழலில் மறைந்துவிடும். எண்ணெய்க் கையோடு தூக்கும்போது வழுக்காமலும் இருக்கும். கோயில் தூணின் சாயல் அதில் இருப்பது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயல் மட்டும் என்றால் வழவழவென்று ஒரு குழாயை வைத்து மேலே நாலு கோடு கீறியிருப்பார்கள்.

உச்சியில் அன்னம் ஏன்?

இந்தக் கேள்வியை யாரும் விடுவதில்லை. தட்டுக்கு மேலே நிற்கும் அந்த உச்சிப் பகுதிக்குப் பிரபை என்று பெயர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவிலில் செய்யும் விளக்குகளில் பிரபை பெரும்பாலும் அன்னம்தான். அதனால் அன்னம் விளக்கு என்றே ஒரு பெயர் அதற்கு உண்டு.

பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை, ஆகவே ஞானத்தின் அடையாளம் என்று சொல்வார்கள். சரி. ஆனால் அன்னமும் விளக்கும் சேர்ந்த கதை அதற்கெல்லாம் முந்தையது போலத் தோன்றும் ஒரு இடம் சங்கப் பாட்டில் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் யவனர்களின் 'ஓதிம விளக்கு' வருகிறது. ஓதிமம் என்றால் அன்னம். உயரத்தில் வைத்த அந்த விளக்கு விடியற்கால வெள்ளி மீன் மாதிரி தெரிந்தது என்கிறது பாட்டு. அங்கிருந்து நாச்சியார்கோவில் வரை நேர்கோடு போட முடியாது, நடுவில் பல நூற்றாண்டு இருக்கிறது. இருந்தாலும் எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் கூடத்து விளக்குதான் ஞாபகம் வரும்.

அன்னம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. மயில், சங்கு சக்கரம், லிங்கம் எல்லாம் உண்டு. தேவாலயங்களில் ஏற்றும் குத்துவிளக்கில் சிலுவை நிற்கும். இலங்கைப் பக்கம் போனால் சேவல். இந்தப் பறவைகளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சுடருக்கு மேலே சூடேறாத தூரத்தில், நடுத்தண்டைப் பிடித்துத் தூக்க ஒரு பிடி வேண்டுமே. பழைய விளக்குகளில் பறவையின் கழுத்தும் முதுகும் தேய்ந்து மழுங்கியிருப்பதைத் தடவிப் பாருங்கள். எங்கள் அன்னத்துக்கு ஒரு பக்கக் கண்ணே இல்லை. உடையவில்லை, தேய்ந்துவிட்டது.

தூண்டாமணி விளக்கு எப்படி வேலை செய்கிறது? எண்ணெய் தானாக இறங்குமாமே?

ஆமாம், தானாகத்தான் இறங்கும். உள்ளே இயந்திரமோ விசையோ எதுவும் கிடையாது. வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள் அல்லவா, கீழே உள்ள தொட்டி நிறைந்ததும் கேனிலிருந்து தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்தால் 'குளுக்' என்று ஒரு குமிழி மேலே போகிறது, அதே அளவு தண்ணீர் கீழே இறங்குகிறது. தூண்டாமணியும் அதேதான்.

சங்கிலியில் தொங்கும் தட்டின் நடுவில் மூடிய ஒரு குடம் உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் அது மணி வடிவம், சிலவற்றில் புறா. மேல்பக்கம் காற்றுப் புகாதபடி அடைத்திருக்கும். அடியில் ஒரு சிறு துளை. தட்டில் உள்ள எண்ணெய் அந்தத் துளையை மூடியிருக்கும்வரை உள்ளே காற்றுப் போக வழியில்லை, எண்ணெயும் வெளியே வராது. திரி எரிய எரிய மட்டம் இறங்கும், துளை கொஞ்சம் வெளியே தெரியும், ஒரு குமிழி உள்ளே போகும், எண்ணெய் இறங்கித் துளையை மறுபடி மூடிவிடும். எல்லோரும் தூங்கியபின் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தக் குமிழிச் சத்தம் காதில் விழும்.

குத்துவிளக்கின் அடிப்படைத் தொல்லை எண்ணெய் மட்டம் இறங்குவது என்று மேலே சொன்னேன். அதற்குக் கண்ட மிக அழகான விடை இதுதான் என்பது என் கட்சி. புறா இங்கே பொம்மை அல்ல, அதுதான் எண்ணெய்த் தொட்டி.

இந்த வித்தையின் உச்சத்தைப் பார்க்க இலங்கைக்குப் போக வேண்டும். அங்கே தெடிகம என்ற ஊரில் உள்ள கோட்டவெஹர என்னும் தூபியை 1951இல் அகழ்ந்தபோது ஒரு வெண்கல யானை விளக்கு கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எண்ணெய் யானையின் வயிற்றுக்குள் இருக்கும். தட்டில் மட்டம் குறைந்தால் யானை தானே 'நிரப்பும்', எந்த வழியாக என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். செய்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது. இப்போது தெடிகம அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: கடைகளில் சங்கிலி போட்ட எந்த விளக்கையும் தூண்டாமணி என்று விற்பார்கள். வெறும் தட்டும் சங்கிலியும் என்றால் அது தூக்கு விளக்கு. நடுக்குடத்தைக் கழற்றி அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சில புதிய விளக்குகளில் குடம் இருக்கும், துளை இருக்காது.

பாவை விளக்கில் நிற்கும் பெண் யார்?

பெரும்பாலும் யாரும் இல்லை, பொதுவான ஒரு உருவம். இரண்டு கையிலும் அகலை ஏந்தி நிற்கும் பெண். தீபலட்சுமி என்றும் சொல்வார்கள். இதுவும் பழைய சங்கதிதான். யவனர் செய்த பாவை கையில் ஏந்திய அகலில் நெய்யை நிறைய ஊற்றிப் பருத்த திரியைக் கொளுத்தியதை நெடுநல்வாடை சொல்கிறது.

சில பாவைகளுக்கு மட்டும் சொந்த முகம் உண்டு. வேண்டுதலுக்காகத் தன்னையே விளக்கேந்தும் உருவமாக வார்த்துக் கோயிலுக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் உள்ள பாவை விளக்கு அப்படிப்பட்டது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்து அம்மணி என்ற பெண், தான் விரும்பிய பிரதாபசிம்மனையே மணக்க வேண்டும் என்று லட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டியது நடந்தது. லட்சம் விளக்கில் ஒன்றாகத் தன் உருவத்தையும் வார்த்துவைத்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது இது. கோயில் சிற்பத்தில் வரும் எந்தத் தேவியும் இப்படிப் புடவை கட்டி, இப்படி நகை போட்டிருக்க மாட்டாள். கொசுவம், நகை, கொண்டை எல்லாம் அந்தக் காலத்து ஒரு பெண்ணுடையது. பாவை விளக்கு பார்க்கும்போது முகத்தை மட்டும் பார்க்காமல் உடையைப் பாருங்கள். காலத்தைச் சொல்வது உடைதான்.

இவற்றை எப்படிச் செய்தார்கள்?

இரண்டு வழி. குத்துவிளக்கு மணல் வார்ப்பு. பாவை விளக்கு போன்ற உருவங்களுக்கு மெழுகு வார்ப்பு.

மணல் வார்ப்பில் ஒரு மாதிரி அச்சை வண்டல் மண்ணில் அழுத்திப் பதிவு எடுப்பார்கள். அச்சை எடுத்தபின் அந்தக் குழியில் மூசையில் உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். ஆறியதும் எடுத்தால் கரடுமுரடாக, கறுத்து, பார்க்கச் சகிக்காத ஒரு துண்டு வரும். அதைக் கடைசல் பிடித்து அரம் போட்டு, உளியால் கோடு இழைத்தால்தான் விளக்கு. நாச்சியார்கோவிலில் இந்த வேலையைச் செய்பவர்கள் பத்தர் என்று அழைக்கப்படும் கம்மாளர்கள். காவிரிப் படுகையின் நைசான வண்டல் அங்கே எளிதாகக் கிடைத்தது பெரிய அனுகூலம். மணல் எவ்வளவு நைசோ, வார்ப்பின் மேல்தோலும் அவ்வளவு நைசு. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

மெழுகு வார்ப்பில் முதலில் உருவத்தை மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க வேண்டும், ஆகவே அதே அச்சில் இரண்டாவது கிடையாது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இதையே செய்கிறார்கள்.

கோயில் விளக்குகள் ஏன் அவ்வளவு பெரிசு?

அணையாமல் எரிய வேண்டும், அதனால். நந்தா விளக்கு என்பார்கள். சோழர் கல்வெட்டுகளில் இதற்கான கணக்கு தெளிவாக இருக்கும். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாளொன்றுக்கு உழக்கு நெய். பசுவாகக் கொடுத்தால் தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 48. ஆடுகளை மேய்ப்பவரிடம் ஒப்படைப்பார்கள், அவர் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதிவைத்தார்கள், அதாவது சாகாத, கிழடு தட்டாத ஆடு. ஆடு சாகும்தான். குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்கு ஒப்பந்த மொழி அது.

பித்தளையா, வெண்கலமா? எப்படித் தெரிந்துகொள்வது?

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். தட்டிப் பாருங்கள் என்பார்கள். வெண்கலம் நீண்டு ஒலிக்கும் என்பது சரிதான், ஆனால் துண்டு துண்டாகத் திருகிச் சேர்த்த விளக்கில் இந்தச் சோதனை உதவாது, தட்டை மட்டும் தனியே கழற்றித் தட்ட வேண்டும். வீட்டு விளக்குகள் பெரும்பாலும் பித்தளைதான். "பஞ்சலோகம் சார்" என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் விலை ஏறப்போகிறது என்று அர்த்தம்.

என் விளக்கு நிஜமாகவே பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. புது விளக்கையும் ரசாயனம் தடவி ஒரே வாரத்தில் கறுக்க வைக்கலாம். எங்கே கறுத்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். உண்மையில் புழங்கிய விளக்கில் கை படும் இடம் மழமழவென்றும், கை எட்டாத இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு கல்லாக இறுகியும் இருக்கும். கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து முகங்களைப் பாருங்கள். ஐந்து முகத்தில் தினமும் ஒன்றிரண்டுதான் ஏற்றியிருப்பார்கள். அந்த முகம் மட்டும் தேய்ந்து, மற்றவை கூர் குறையாமல் இருக்கும். எங்கள் விளக்கில் கிழக்கு பார்த்து வைத்த முகம் எது என்று இன்றும் சொல்லிவிடலாம்.

மரையைத் திருகிப் பாருங்கள். கையால் வெட்டிய பழைய மரை தடிமனாக, இடைவெளி சீரில்லாமல் இருக்கும், ஒரு குறிப்பிட்ட நிலையில்தான் இறுகும். பாகம் மாற்றிப் போட்டால் பொருந்தாது. அதற்காகவே சில விளக்குகளில் தண்டிலும் தட்டிலும் ஒரே மாதிரி சிறு குறி அடித்திருப்பார்கள், குறிக்கு நேராகக் குறி வரும்வரை திருகினால் சரி. இயந்திர மரை எந்த விளக்கோடும் எந்தத் தட்டையும் சேர்க்கும்.

பிறகு, எனக்கு மிகப் பிடித்த சான்று: பெயர் வெட்டு. சீர் கொடுக்கும்போது பாத்திரத்தில் பெயரின் முதலெழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அடித்துக் கொடுப்பார்கள் அல்லவா, விளக்கிலும் அடிப்பார்கள். பெரும்பாலும் அடிப்பீடத்தின் விளிம்பில், சில சமயம் உட்புறம். எழுத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் அடித்தது, பழைய முறை ணை, லை, னை எல்லாம் காலத்துக்கு ஒரு தடயம் தரும். ஆண்டு போட்டிருந்தால் அதிர்ஷ்டம்.

எடையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கனமான புதுசும் உண்டு, மெல்லிய பழசும் உண்டு.

பளபளவென்று துலக்கலாமா?

இதில் நான் பட்டது போதும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக விளக்கை ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தேன். அமிலத்தில் முக்கி, மோட்டார் சக்கரத்தில் பிடித்து, தங்கம் மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பீடத்தின் விளிம்பில் இருந்த பாட்டியின் பெயரில் முதல் இரண்டு எழுத்து இல்லை. தண்டின் வளையங்களில் உளி போட்ட நுண்கோடுகளும் போச்சு. தட்டின் ஒரு பக்கம் செம்பு நிறத்தில் சிவந்திருந்தது. அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை முதலில் தின்றுவிடும், செம்பு மிஞ்சும், அந்தச் சிவப்பு அதுதான்.

புளியும் எலுமிச்சையும் கூட அமிலம்தான், வலிமை குறைவு, அவ்வளவுதான். வருஷத்தில் ஒன்றிரண்டு முறை புளி போட்டுத் தேய்த்து உடனே நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டாம். செங்கல் பொடியும் கம்பி நாரும் வேண்டவே வேண்டாம். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் அதை மட்டும் எடுங்கள். மூங்கில் குச்சி முனையால் நிதானமாகச் சுரண்டினால் வந்துவிடும். அடங்கிய பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, விட்டுவிடலாம். கழுவியபின் ஈரம் மரைக்குள் தங்கக் கூடாது, பாகங்களைக் கழற்றி வெயிலில் வையுங்கள்.

காமாட்சி விளக்கில் யானைகள் ஏன்?

அம்மன் இருபுறமும் யானைகள் நீரூற்ற அமர்ந்திருக்கும் உருவம் கஜலட்சுமி. பெயர் காமாட்சி, உருவம் பெரும்பாலும் லட்சுமி. கரும்போடு காமாட்சியே இருக்கும் விளக்குகளும் உண்டு. பின்னால் நிற்கும் அந்தப் பலகை சுடருக்குக் காற்றுத் தடுப்பு, வெளிச்சத்தை முன்னால் திருப்பும் கண்ணாடியும்கூட.

பழைய காலத்தில் என்ன எண்ணெய்?

கையில் கிடைத்தது. ஆமணக்கெண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்றே பெயர் விழுந்துவிட்டது. கோயில்களுக்கு இலுப்பெண்ணெய், வசதியுள்ளவர்களுக்கு நெய், நல்லெண்ணெய். விளக்கெண்ணெய் கெட்டி, திரியில் மெதுவாக ஏறும், மெதுவாக எரியும். தூண்டாமணிக்கு மட்டும் நல்லெண்ணெய் போன்ற இளக்கமான எண்ணெயே சௌகரியம், கெட்டி எண்ணெய் சிறு துளையில் சோம்பும்.

விற்கலாமா? வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாமா?

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உள்நாட்டில் வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். வயது குறைந்த விளக்கை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு எடுத்துப் போவதானாலும், பார்க்கப் பழசாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

வாங்குவதென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாள் சுற்றலாம். முதல் கடையிலேயே வாங்காதீர்கள். கோயிலில் இருந்து வந்தது போலத் தெரியும் எதையும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள். பீடத்தில் கோயில் பெயரோ உபயக்காரர் பெயரோ வெட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பரணில் கிடந்த விளக்கை மறுபடி ஏற்றலாமா?

தாராளமாக. முதலில் வெந்நீரும் கொஞ்சம் சீயக்காயும் போட்டுப் பிசுக்கை இளக வையுங்கள். பிறகு தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். வார்ப்பில் ஊசித் துளை இருந்தால் அடியில் ஈரம் தெரியும். பழைய விளக்குகளில் ஈயம் வைத்து அடைத்த ஒட்டு சில சமயம் விட்டிருக்கும், பாத்திரம் ஒட்டுபவரிடம் கொடுத்தால் சரிசெய்துவிடுவார். பெரும்பாலும் கசிவது தட்டும் தண்டும் சேரும் மரை வழியாகத்தான். அதற்கு நான் செய்வது, மரையின் மேல் பருத்தி நூலைத் தேன்மெழுகில் புரட்டி நாலு சுற்றுச் சுற்றி இறுக்குவது. குறிக்கு நேராகக் குறி வராமல் கால் திருகு முன்னாலேயே நின்றுவிட்டால் நூல் அதிகம், ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.